பியோவுல்ஃப் எந்தக் காலத்து நூல்? பழைய ஆங்கிலத்தை எங்கிருந்து தொடங்குவது?

ஏடுதேடி

பியோவுல்ஃப் பற்றி எந்தக் கையேட்டைத் திறந்தாலும் "ஆங்கிலத்தின் முதல் காவியம்" என்று தொடங்குகிறது. அடுத்த வரியிலேயே குழப்பம் வந்துவிடுகிறது. ஒரு நூல் 8-ஆம் நூற்றாண்டு என்கிறது. இன்னொன்று 1000-ஐ ஒட்டியது என்கிறது. மூன்றாவது நூலோ 6-ஆம் நூற்றாண்டு வீரர்களின் வாழ்க்கையை இதிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. பூதங்களையும் நாகத்தையும் எதிர்க்கும் பியோவுல்ஃப் என்ற வீரனின் கதை முழுக்க டென்மார்க்கிலும் தெற்கு ஸ்வீடனிலும் நடக்கிறது, இங்கிலாந்து என்ற பேச்சே இல்லை. பாத்திரங்கள் ஒரே கடவுளுக்கு நன்றி சொல்கிறார்கள், ஆனால் இறந்தவர்களைச் சிதையில் எரிக்கிறார்கள். இது கிறித்துவ நூலா, அதற்கு முந்தையதா? "இரண்டும் கலந்தது" என்று தேர்வில் எழுதிவிட்டு நகரலாம், ஆனால் அது பதில் மாதிரித் தெரியவில்லை.

இன்னொன்று: மூலத்தைப் படிக்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது? நேராக இதிலேயே இறங்கலாமா?

தோல்சுவடி

"கலந்தது" என்பது பதில் இல்லைதான். உங்கள் மூன்று நூல்களும் மூன்று வெவ்வேறு காலங்களைச் சொல்கின்றன. கதை நடக்கும் காலம், பாடல் இயற்றப்பட்ட காலம், ஏட்டில் எழுதப்பட்ட காலம். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் முக்கால்வாசிச் சிக்கல்.

உறுதியாகத் தெரிவதிலிருந்து தொடங்குவோம், அது தோலில் எழுதிய ஏடு. உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது, லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில். எழுத்து வடிவத்தை வைத்து 1000-ஐ ஒட்டி, ஒரு 25 ஆண்டு முன்பின்னாக வைக்கிறார்கள். இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். முதல் ஆள் 1939-ஆம் வரியின் நடுவில் நிறுத்துகிறார், இரண்டாமவர் அங்கிருந்து கடைசி வரை எழுதுகிறார். தலைப்பு கிடையாது; "பியோவுல்ஃப்" என்பது பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர். வரி பிரிப்பும் கிடையாது, உரைநடை போலத் தோலின் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே ஓட்டம். நாம் மேற்கோள் காட்டும் 3182 வரிகள் பதிப்பாசிரியர்கள் யாப்பை வைத்துப் பிரித்துக் கொண்ட கணக்கு. நெடில் குறிகளும் நிறுத்தக்குறிகளில் பெரும்பகுதியும் அப்படித்தான்.

அதே ஏட்டில் வேறு என்ன இருக்கிறது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. நாய்த்தலை கொண்டவராகச் சொல்லப்பட்ட புனித கிறிஸ்டோபரின் வரலாறு, கீழ்த்திசை விந்தைகள் என்ற படம் போட்ட தொகுப்பு, அலெக்சாண்டர் அரிஸ்டாட்டிலுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம், பிறகு பியோவுல்ஃப், கடைசியில் யூதித்து என்ற விவிலியப் பெண்ணின் கதை. பெரும்பாலும் விசித்திர உயிர்களும் தொலைதூர நாடுகளும். அதாவது 1000-ஐ ஒட்டி இதைத் தொகுத்தவருக்கு இது "தேசியக் காவியம்" அல்ல. பூதக்கதை வரிசையில் ஒன்றாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். காவியம் என்ற பட்டம் 19-ஆம் நூற்றாண்டு கட்டியது.

அந்த ஏடு பிழைத்ததே தற்செயல். ராபர்ட் காட்டன் என்பவரின் சேகரிப்பில் இருந்தது. அவருடைய அலமாரிகளின் மேல் ரோமானியப் பேரரசர்களின் மார்பளவுச் சிலைகள் நின்றன. விட்டெல்லியஸ் சிலைக்குக் கீழே முதல் தட்டில் 15-ஆவது ஏடு, இன்றைக்கும் அதுதான் அதன் அடையாள எண். 1731 அக்டோபர் 23 அன்று சேகரிப்பு இருந்த ஆஷ்பர்ன்ஹாம் மாளிகையில் தீ பிடித்தது. பியோவுல்ஃப் எரியவில்லை, ஓரங்கள் கருகின. கருகிய தோல் அடுத்த நூறாண்டு காலம் தொடும்போதெல்லாம் உதிர்ந்துகொண்டே வந்தது. 1787-இல் தோர்க்கெலின் என்ற ஐஸ்லாந்துக்காரர் இரண்டு படிகள் எடுக்க வைத்தார்: ஒன்று கூலிக்கு எழுதியவர் கையில், ஒன்று அவர் கையில். இன்று ஏட்டில் இல்லாத சுமார் 2000 எழுத்துகள் அந்தப் படிகளால்தான் தெரிகின்றன. 1845-இல் ஒவ்வொரு இதழையும் காகிதச் சட்டத்தில் பொருத்திய பிறகே உதிர்வு நின்றது. அந்தச் சட்டங்களும் ஓரத்து எழுத்துகள் சிலவற்றை மூடிக்கொண்டன என்பது வேறு கதை.

அடுத்து, கதை நடக்கும் காலம். இதற்கு ஒரே ஒரு ஆணிதான் இருக்கிறது: ஹிகெலாக். பியோவுல்ஃபின் மாமன், தெற்கு ஸ்வீடனில் வாழ்ந்த கீட் மக்களின் அரசன். பிராங்கியர் நிலத்தின் மேல் படையெடுத்துப் போய் அங்கேயே செத்ததாகக் கவிதை நான்கு இடங்களில் சொல்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய தூர் நகரத்து கிரெகரி, லத்தீனில், க்ளோக்கிலாயிக்கஸ் என்ற வட நாட்டு அரசன் கடல்வழி வந்து கொள்ளையிட்டுக் கொல்லப்பட்டதைப் பதிவு செய்கிறார். அதே ஆள், அதே சண்டை. 520-ஐ ஒட்டி வைக்கிறார்கள். பியோவுல்ஃப் என்ற வீரனுக்கு வரலாற்றுச் சான்று எதுவும் கிடையாது. ஆனால் அவனைச் சுற்றியிருப்பவர்களில் சிலருக்கு உண்டு.

இரண்டுக்கும் நடுவில் கிடப்பதுதான் இயற்றிய காலம், சண்டையும் அங்கேதான். 8-ஆம் நூற்றாண்டு என்பவர்கள் மொழியைக் காட்டுகிறார்கள். கலூசா விதி என்று ஒன்று உண்டு: பழைய நெட்டீறுக்கும் (நீண்டொலிக்கும் சொல்லீறு) குற்றீறுக்கும் (குறுகியொலிக்கும் சொல்லீறு) இருந்த வேறுபாட்டை இந்தக் கவிதையின் யாப்பு கவனமாகக் காக்கிறது, பிந்திய கவிஞர்கள் காதுக்கு அந்த வேறுபாடே கேட்டிருக்காது என்பது வாதம். எழுத்துப்பிழைகளும் சாட்சி. சில எழுத்துகளை 1000-ஐ ஒட்டிய எழுத்தர்கள் மாற்றிப் படித்திருக்கும் விதத்தைப் பார்த்தால் அவர்கள் முன்னால் இருந்த மூலப்படி 750-க்கு முந்தைய கையெழுத்தில் இருந்திருக்க வேண்டும் என்று மைக்கேல் லாப்பிட்ஜ் 2000-இல் வாதிட்டார். எதிர்ப்பக்கம், டேனியரைப் புகழும் கவிதையை வைக்கிங் கொள்ளை நடந்த காலத்தில் யார் கேட்டிருப்பார்கள், டேனிய அரசன் கனூட் இங்கிலாந்தை ஆண்ட 1016 முதல் 1035 வரையான காலம் பொருந்துமே என்று கெவின் கீர்னன் சொன்னார். என் கணிப்பு முன்னதன் பக்கம். யாப்புச் சான்றை மறுப்பவர்கள் அதற்கு மாற்று விளக்கம் தருவதில்லை. ஆனால் தேர்வில் எழுதும்போது இரண்டு வாதத்தையும் அவற்றின் சான்றோடு எழுதுங்கள். வெறும் "8-ஆம் நூற்றாண்டு" என்பது பாதி பதில்.

இப்போது உங்கள் கிறித்துவக் கேள்வி தானாகவே பிரிந்துவிடும். கதைமாந்தர் கிறித்துவத்துக்கு முந்தியவர்கள். பாடியவரும் எழுதியவரும் கேட்டவர்களும் கிறித்துவர்கள். கிறித்துவத்தைப் பரப்ப வந்த புனித அகஸ்டின் இங்கிலாந்தின் கென்ட்டில் இறங்கியதே 597-இல்தான். கவிஞர் இதை நன்றாக உணர்ந்து எழுதுகிறார்: கிறிஸ்துவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை, சிலுவை இல்லை, புனிதர்கள் இல்லை. வருவதெல்லாம் பழைய ஏற்பாடு. படைப்பு, காயீன், பெருவெள்ளம். பியோவுல்ஃப் முதலில் எதிர்க்கும் பூதமான கிரெண்டல், தம்பியைக் கொன்ற காயீன் வழிவந்தவன் என்று கவிஞர் நமக்குச் சொல்கிறார். டேனிய அரசன் ஹ்ரோத்காருக்கு அது தெரியாது, எந்தப் பாத்திரத்துக்கும் தெரியாது. 175-ஆம் வரியை ஒட்டி டேனியர்கள் சிலைகளுக்குப் பலியிடும் இடத்தில் "அவர்கள் அறிந்தது அவ்வளவே" என்ற தொனியில் வருந்துகிறார். பாவம் பார்க்கிறார், பழிக்கவில்லை.

அந்த மனநிலை எல்லோருக்கும் இல்லை. 797-இல் அல்குயின் என்ற ஆங்கிலச் சமய அறிஞர் ஒரு பிஷப்புக்கு எழுதிய கடிதத்தில், சாப்பாட்டு வேளையில் யாழிசையும் வீரப்பாட்டும் எதற்கு, இங்கெல்டுக்கும் கிறிஸ்துவுக்கும் என்ன சம்பந்தம் என்று கடிந்துகொள்கிறார். இங்கெல்ட் இதே பியோவுல்ஃபில் வரும் ஒரு வீரன். சமயத்தார் மத்தியில் இந்தப் பாட்டுகள் ஓடாமல் இருந்தால் அல்குயினுக்குக் கோபம் வர வேலையே இல்லை.

நாலுசீர்

மேலே சொன்னதோடு யாப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் யாப்பு தெரிந்தவர்களுக்கு இது பாதித் தூரம் ஏற்கெனவே கடந்த வழி.

பழைய ஆங்கில வரியில் எதுகையோ இறுதி இயைபோ கிடையாது, மோனைதான் எல்லாம். ஒரு வரி இரண்டு அரைவரி, நடுவில் நிறுத்தம். அரைவரிக்கு இரண்டு அழுத்தம், ஆக வரிக்கு நான்கு. மூன்றாவது அழுத்தம்தான் தலைவன்: அதன் முதல் ஒலியோடு முதல் அழுத்தமோ, இரண்டாவதோ, இரண்டுமோ மோனை கொள்ள வேண்டும். நான்காவது, மூன்றாவதோடு மோனை கொள்ளக் கூடாது. நம் கணக்கில் சொன்னால் பொழிப்பு மோனை உண்டு, கூழை மோனை உண்டு, முற்று மோனை பிழை. இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும் சேர்வதும் அங்கே சரி. நம் மரபில் அதை இடைப்புணர் மோனை என்பார்கள்.

நான்காவது வரியைப் பாருங்கள்: "ஒஃப்ட் ஷூல்ட் ஷேவிங் | ஷெயதென த்ரேயாட்டும்." ஷூல்ட், ஷேவிங், ஷெயதென மூன்றும் மோனை, த்ரேயாட்டும் விலகி நிற்கிறது. (ஷேவிங் என்பது அரசனின் தந்தைவழிப் பெயர், சிரிக்க வேண்டாம்.) ஷீஃப் மகன் ஷீல்டு பகைக் கூட்டங்களிடமிருந்து அடிக்கடி பறித்தான் என்று அந்த வாக்கியம் தொடங்குகிறது.

மோனை இனத்தில் இரண்டு வேறுபாடு கவனிக்க வேண்டும். நமக்கு அகரத்தோடு இகரம் மோனை ஆகாது. அங்கே எந்த உயிரும் எந்த உயிரோடும் சேரும், வேறு வேறு உயிராக இருந்தால் இன்னும் அழகு. மாறாக ஸ்ப், ஸ்ட், ஷ் மூன்றும் தம் இனத்தோடு மட்டுமே சேரும். வெறும் ஸகரத்தோடு ஸ்ட் சேராது. வரி ஏன் மோனை இல்லாமல் கிடக்கிறது என்று திகைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் மறந்திருப்பார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நான்கு அழுத்தம் என்றதும் நாற்சீரடி என்று அளந்துவிடாதீர்கள். அசை எண்ணிக்கை அங்கே கட்டுப்பாடில்லை, அழுத்தமில்லாத அசைகள் கூடலாம் குறையலாம். அரைவரிக்குக் குறைந்தது நான்கு அசை என்பதுதான் தரை. எங்கே கூடலாம் என்பதற்கு எடுவார்ட் சீவர்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் ஐந்து வகை வகுத்தார். தொடக்கத்தில் அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பெயர்ச்சொல்லும் பெயரடையும் முதலில் அழுத்தம் பெறும், வினைமுற்று பிறகு, இடைச்சொல்லும் சுட்டும் கடைசி. இந்த வரிசை ஒன்று போதும், முதல் 100 வரியைத் தாண்டிவிடலாம்.

மோனை ஏன் முக்கியம் என்றால், சொல் பெருகுவதற்குக் காரணமே அதுதான். வீரன், கடல், வாள், அரசன் ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து பெயர் வேண்டும், எந்த எழுத்தில் மோனை வந்தாலும் கை நீட்டினால் கிடைக்க வேண்டும். திமிங்கிலப் பாதை என்றால் கடல், எலும்பு வீடு என்றால் உடல், போரொளி என்றால் வாள். இவற்றைக் கென்னிங் என்பார்கள். அன்மொழித்தொகையோடு ஒப்பிடத் தோன்றும். ஓரளவு சரி, ஆனால் கென்னிங்கில் உருவகம் இருந்தே ஆக வேண்டும்.

மொழிபெயர்ப்பில் எங்கே ஏமாறுவோம் என்பதற்கு இரண்டு சொல் சொல்கிறேன். ஒன்று "உர்ட்". எல்லோரும் விதி என்று போடுகிறார்கள், தமிழில் ஊழ் என்று போடக் கை துடிக்கும். வேண்டாம். ஊழுக்குப் பின்னால் வினைப்பயன் நிற்கிறது, முன்செய்தது இப்போது வந்து ஊட்டுகிறது. உர்ட் என்பது "ஆகு" என்னும் வினையடியில் பிறந்தது. ஆவது, நேர்வது, அவ்வளவுதான். அதில் கணக்குத் தீர்ப்பது எதுவுமில்லை. "நேர்வது" என்றோ "வருவது" என்றோ எழுதினால் நெருங்கிவிடும்.

இன்னொன்று "ஆக்லாக்கா". கிரெண்டலைச் சொல்லும்போது அரக்கன் என்றும், சிக்மண்டு என்ற வீரனைச் சொல்லும்போது போர்வீரன் என்றும் மொழிபெயர்க்கிறார்கள். மூலத்தில் ஒரே சொல். 2592-ஆம் வரியில் பியோவுல்ஃபையும் கடல்நாகத்தையும் சேர்த்து இரண்டு ஆக்லாக்காக்கள் என்கிறது கவிதை. கிரெண்டலின் தாய்க்கும் அந்தச் சொல்லோடு பெண் என்று ஒட்டி, கூடவே சீமாட்டி என்ற மரியாதைச் சொல்லும் வருகிறது. மொழிபெயர்ப்புகளில் அவள் வெறும் பூதம். மூலம் படிக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். இதற்காகவாவது வேண்டும்.

தேம்ஸ்தெற்கு

ஒரு திருத்தம், பிறகு ஒரு மாறுபாடு.

திருத்தம்: கடைசிச் சண்டையில் வருவது கடல்நாகம் அல்ல. புதையல் மேட்டைக் காக்கும், தீயுமிழும் பறவைநாகம். கடல் விலங்குகள் கதையின் முன்பகுதி.

மாறுபாடு: தொடக்கக்காரர் பியோவுல்ஃபில் இறங்கவே கூடாது. கவிதைக்கென்றே ஒதுக்கிய சொற்கள், முறுக்கிய சொல்வரிசை, ஒரே பொருளை மூன்று விதமாகச் சொல்லிச் சொல்லி நகரும் வாக்கியம். நூறு வரியில் முக்கால்வாசிப் பேர் கைவிடுவார்கள். உரைநடையில் தொடங்குங்கள்.

முதலில் சுட்டுச்சொல் வாய்பாடு. ஆண், பெண், பொது என்று மூன்று பால். எழுவாய், செயப்படுபொருள், உடைமை, கொடை என்று நான்கு வேற்றுமை, கருவிக்குச் சில இடங்களில் ஐந்தாவது. பெயர்ச்சொல் ஈறுகள் பல இடங்களில் ஒன்றுபோலவே இருக்கும், சுட்டுச்சொல்தான் வேற்றுமையைக் காட்டிக்கொடுக்கும். இதை விட்டுவிட்டுப் பெயர்ச்சொல் வாய்பாட்டை மனப்பாடம் செய்பவர்கள் இரண்டு மாதம் கழித்து ஒரு வாக்கியத்தையும் பிரிக்க முடியாமல் நிற்பார்கள். யார் யாரைக் கொன்றான் என்பது ஈற்றில் இருக்கிறது, சொல்வரிசையில் இல்லை. தமிழ் தெரிந்தவருக்கு இதில் அதிர்ச்சி இருக்காது. இன்றைய ஆங்கிலப் பழக்கத்தோடு படித்தால்தான் அடி.

அடுத்த பள்ளம், தெரிந்த முகமாக இருக்கும் சொற்கள். "வித்" என்றால் எதிராக (ஒருவனோடு சண்டை போட்டான் என்னும்போது இன்றும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது). "சோனா" என்றால் உடனே. "ட்ரேயம்" என்றால் மகிழ்ச்சி ஆரவாரம், கனவு அல்ல. "டேயோர்" என்றால் எந்த விலங்கும். "ஸ்டேயோர்ஃபன்" என்றால் சாவது, பட்டினி கிடப்பது அல்ல. "மோட்" என்றால் உள்ளம், ஊக்கம். தெரிந்த சொல் என்று அகராதியைத் திறக்காமல் போகும் இடத்தில்தான் பொருள் கவிழும்.

முதல் பாடமாக ஆங்கிலோ சாக்சன் ஆண்டேட்டில் 755 என்ற ஆண்டுக் குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம்தான். தெற்கு இங்கிலாந்தின் வெஸ்ஸக்ஸ் நாட்டு அரசன் கினெவுல்ஃப் சிறு துணையோடு ஒரு பெண்ணைப் பார்க்க வந்திருக்கும்போது எதிரி கினெஹேர்ட் வந்து சூழ்ந்து கொல்கிறான். அரசனின் ஆட்களுக்குப் பணமும் உயிரும் தருகிறேன் என்கிறான். மறுத்து எல்லோரும் சாகிறார்கள், காயத்தோடு ஒரு வெல்ஷ் பிணைக்கைதி மட்டும் மிஞ்சுகிறான். மறுநாள் மற்ற ஆட்கள் வந்து சேர, உங்கள் உறவினர்களே என் பக்கம் இருக்கிறார்கள் என்கிறான். தலைவனைவிட நெருங்கிய உறவு எங்களுக்கு இல்லை, அவனைக் கொன்றவனின் பின்னால் போக மாட்டோம் என்று பதில் வருகிறது. பியோவுல்ஃபின் அறம் முழுக்க இந்த ஒரு பக்கத்தில், பூதம் இல்லாமல், உண்மை மனிதர்களோடு இருக்கிறது. ஒரே கஷ்டம், "அவன்", "அவர்கள்" என்று போய்க்கொண்டே இருக்கும், எந்த அவன் என்று சொல்லாது. தாளில் இரண்டு கட்சிக்கும் இரண்டு நிறத்தில் கோடு போட்டுப் படித்தால் தெளியும்.

பிறகு கேட்மனின் துதி, 9 வரி. பீட் என்ற துறவி 731-இல் முடித்த வரலாற்றில் அதன் கதை இருக்கிறது: விட்பியில் ஹில்ட் தலைமையேற்ற மடம், பாடத் தெரியாத மாட்டுக்காரன், கனவு. பீட் துதியை லத்தீனில்தான் தந்தார். ஆங்கில வடிவம் அந்த லத்தீன் பிரதிகளில் கூடுதலாக எழுதி வைக்கப்பட்டது, மிகப் பழையது 737-ஐ ஒட்டியது. "ஆங்கிலத்தின் முதல் கவிதை" என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் பியோவுல்ஃபைவிட இதற்கு ஏட்டுச் சான்று வலுவானது. அதன்பின் அலைந்து திரிபவன் என்று இன்று நாம் அழைக்கும் இரங்கற்பா, 115 வரி. சிலுவை பேசும் கனவுக் கவிதை, 156 வரி. மால்டன் போர், 325 வரி மிஞ்சியது. 991-இல் எஸ்ஸக்ஸ் கரையில் பிர்ட்நோத் தோற்ற சண்டை. அதன் ஏடு 1731 தீயில் முழுதாகவே போனது, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு யாரோ படியெடுத்து வைத்ததால் கவிதை மட்டும் தப்பியது. நாளுக்கு 10 வரி என்றால் இந்தக் கவிதைகள் எல்லாம் சேர்ந்து இரண்டு மாதம். அதற்குப் பிறகு பியோவுல்ஃபைத் தொடுங்கள், நாளுக்கு 20 வரி ஓடும்.

சிலுவைக் கனவைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதன் முழுப் பிரதி இத்தாலியில் வெர்ச்செல்லி என்ற ஊர்த் தேவாலய நூலகத்தில் கிடக்கிறது. அதன் சில வரிகள் ஸ்காட்லாந்தில் ரூத்வெல் என்ற இடத்துக் கற்சிலுவையில், ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்தில், அதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே செதுக்கப்பட்டவை. தோல்சுவடி சொன்ன மூன்று காலக் கணக்கை இங்கே கல்லிலேயே பார்க்கலாம். மொத்தமாக மிஞ்சிய கவிதை 30,000 வரிதான், பெரும்பகுதி நான்கே நான்கு ஏடுகளில். அவற்றில் ஒன்றான எக்ஸெட்டர் ஏட்டில் கத்தி வெட்டிய தடமும், ஏதோ பாத்திரம் வைத்த வட்டக்கறையும், கடைசி 14 இதழ்களைத் துளைத்த தீக்காயமும் இருக்கின்றன. இத்தனை குறைந்த சரக்கை வைத்துக்கொண்டு "அக்காலத்து மக்கள் இப்படித்தான் நினைத்தார்கள்" என்று எழுதும் நூல்களைச் சந்தேகத்தோடு படியுங்கள்.

மிஞ்சியதில் பெரும்பாலானது வெஸ்ஸக்ஸ் வழக்கில் இருப்பதும் அரசியல் காரணத்தால்தான். வைக்கிங் தாக்குதல் 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தில் தொடங்கி வடக்கத்தி மடங்களைக் காலி செய்தது. 871-இல் பட்டத்துக்கு வந்த ஆல்ஃப்ரெட், தேம்ஸுக்குத் தெற்கே லத்தீன் படித்துப் பொருள் சொல்லக்கூடிய ஒருவரும் அப்போது நினைவுக்கு வரவில்லை என்று தன் மொழிபெயர்ப்பின் முன்னுரையில் எழுதினார். அந்த முன்னுரையோடு வூஸ்டர் பிஷப்புக்கு அனுப்பிய பிரதி இன்றும் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. வடக்கில் பிறந்த பாடல்களையும் பின்னால் தெற்கத்தி எழுத்தர்கள் தங்கள் வழக்கில்தான் படியெடுத்தார்கள்.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்ததோடு எல்லாம் நின்றுபோனது என்பதும் மிகை. பீட்டர்பரோ மடத்தில் ஆண்டேடு 1154 வரை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, கடைசிப் பக்கங்களில் வேற்றுமை ஈறுகள் உதிர்வதைக் கண்ணால் பார்க்கலாம். 13-ஆம் நூற்றாண்டில் வூஸ்டரில் கை நடுக்கமுள்ள ஒருவர் பழைய ஏடுகளின் வரிகளுக்கு இடையே சொற்பொருள் எழுதிக்கொண்டிருந்தார். படிக்க ஆள் இருந்தது, ஆனால் அகராதி இல்லாமல் முடியவில்லை என்பதற்கு அவர் கையெழுத்தே சான்று.

நாலுசீர்

நாகத்தைத் திருத்தியதற்கு நன்றி, என் பிழைதான்.

மால்டன் பற்றி ஒரு சேர்க்கை. பியோவுல்ஃபின் முதல் வரியில் "கார்" என்பதும் "யேயர்" என்பதும் மோனையாக நிற்கின்றன. ககரமும் யகரமும் எப்படிச் சேரும்? இரண்டும் ஒரே எழுத்தால் எழுதப்பட்டவை, முன்பு ஒலியிலும் நெருங்கியவை. பேச்சில் பிரிந்த பிறகும் யாப்பு மரபு அவற்றைச் சேர்த்தே வைத்திருந்தது. மால்டன் கவிதையில் அந்த மோனை கைவிடப்பட்டிருக்கிறது. காலம் கணிக்க இதையும் ஒரு அளவுகோலாகப் பயன்படுத்துகிறார்கள். அந்த முதல் வரியிலேயே இரண்டாவது அழுத்தமும் நான்காவதும் டகரத்தில் சேர்வதைப் பார்த்து விதி உடைந்தது என்று நினைக்க வேண்டாம். தடை மூன்றோடு நான்கு சேர்வதற்கு மட்டும்தான்.

ஏடுதேடி

இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை, நன்றி. 755-இல் தொடங்குகிறேன். இரண்டு சந்தேகம் மிச்சம். ஒன்று, கையேடுகளில் இரத்தப்பணம் என்று வருகிறதே, கதையைப் புரிந்துகொள்ள அது எந்த அளவுக்குத் தேவை? இரண்டு, எண்ணிம ஏட்டில் பியோவுல்ஃப் 132-ஆம் இதழில் தொடங்குகிறது, ஆனால் ஒரு பதிப்பு 129 என்கிறது. எது சரி?

தோல்சுவடி

இரத்தப்பணம் இல்லாமல் பாதிக் கதை புரியாது. ஆளுக்கு ஒரு விலை, கொன்றவன் அதைச் செத்தவனின் சுற்றத்துக்குக் கட்டினால் பகை தீரும், கட்டாவிட்டால் பழிவாங்கல். வெஸ்ஸக்ஸில் சாதாரணக் குடியானவனுக்கு 200 ஷில்லிங், உயர்குடி வீரனுக்கு 1200. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மிகப் பழைய சட்டம், கென்ட் அரசன் எத்தல்பெர்ட்டுடையது, 600-ஐ ஒட்டியது. அதில் பல்லுக்கும் விரலுக்கும்கூடத் தனித்தனி விலை இருக்கிறது. (அதுவும் 1120-களில் ரோச்செஸ்டரில் எழுதிய ஒரே பிரதியில்தான் மிஞ்சியது. அதே கதை.)

கவிதையில் பொருத்திப் பாருங்கள். பியோவுல்ஃப் ஏன் கடல் தாண்டி வருகிறான்? அவன் தந்தை செய்த கொலைக்கு ஹ்ரோத்கார் பணம் கட்டிப் பகையைத் தீர்த்துவைத்தார், அந்தக் கடன். கிரெண்டலின் குற்றம் என்ன? தின்பது மட்டுமல்ல, விலை பேசி முடிக்க மறுக்கிறான் என்று 154-ஆம் வரியை ஒட்டிக் கவிதை சட்ட மொழியில் குறை சொல்கிறது. அவன் தாய் வருவதோ மகனுக்குப் பழிவாங்க, அதாவது அக்காலத்து நியாயப்படி. இவற்றைவிட ஆழமானது 2435 முதல் வரும் பகுதி: கீட் அரசன் ஹ்ரேத்தலின் இரண்டாவது மகன் எய்த அம்பு குறி தவறி மூத்தவனைக் கொன்றுவிடுகிறது. கொன்றவனும் மகன், செத்தவனும் மகன். பணம் யார் யாருக்குக் கட்டுவது? யார் மேல் பழிவாங்குவது? சட்டத்தில் வழியே இல்லாமல் கிழவர் துயரத்தில் சாகிறார். முறை தெரியாமல் படித்தால் இது வெறும் விபத்துக் கதை.

உங்கள் முதல் கேள்விக்கும் இதே வழியில் ஒரு சேர்க்கை. கவிதையின் கடைசிச் சொல் "லோஃப்யோர்னொஸ்ட்", புகழை மிக விரும்பியவன். பன்னிரண்டு பேர் குதிரையில் கல்லறை மேட்டைச் சுற்றி வந்து அவனைப் பாராட்டும் இடம் அது, கதைமாந்தர் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. ஆனால் 1000-ஐ ஒட்டிய சமய உரைநடையில் இதே சொல் தற்பெருமை என்ற பாவத்தின் பெயர். அந்த ஏட்டை எழுதி முடித்த எழுத்தர் எந்தக் காதால் கேட்டார்? அந்த இடத்தை "கிறித்துவமா, முந்தையதா" என்ற கேள்விக்கு மேற்கோளாக வைத்து எழுதலாம்.

இதழ் எண்: இரண்டும் சரி. ஏட்டில் இரண்டு எண்ணிக்கை முறைகள் இருக்கின்றன. பழையது தோலிலேயே எழுதியது, அதில் 129. 1884-இல் நூலகம் முன்னால் சேர்ந்திருந்த இதழ்களையும் சேர்த்து எண்ணியது, அதில் 132. பொதுவாக மூன்று இதழ் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இடையில் இதழ்கள் இடம் மாறிக் கட்டப்பட்ட பகுதியில் இந்தக் கழித்தல் பொருந்தாது. மேற்கோள் காட்டும்போது எந்த எண்ணிக்கை என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு வரி எண்ணையே கொடுங்கள்.